அப்பாவுக்கு டென்ஷனே இல்லை

மூன்று மாதம் முன்னால் அப்பாவைத் தலைசுற்றல் என்று டாக்டரிடம் கூட்டிப் போனேன். காங்கேயம் பக்கம் தோட்டம், எழுபத்திரண்டு வயது, இன்னமும் விடிகாலை நாலரைக்கு எழுந்து மாட்டுக்குத் தவிடு வைக்கிற ஆள். டாக்டர் பிரஷர் பார்த்தார், சீட்டில் நாலு வரி கிறுக்கினார், தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். சீட்டின் மேலே ஹைப்பர்டென்ஷன் என்று இருந்தது. நான் திருப்பூர் வந்துவிட்டேன். மறு மாதம் போய்ப் பார்த்தால் மாத்திரை அட்டை காலண்டருக்குப் பின்னால் வைத்தது வைத்தபடி இருக்கிறது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"ஏனுங்கப்பா, மாத்திரை போடலீங்களா?"

"எனக்கென்னம்மிணி டென்ஷனு? கடன் இல்ல, கண்ணி இல்ல, உன்னையும் கட்டிக் குடுத்தாச்சு. நான் நிம்மதியாத்தான இருக்கறேன். அந்தத் தம்பி என்னமோ டென்ஷன்னு எழுதிப்போட்டாரு."

அவர் கணக்குப்படி அது சரியான பதில்தான். ஊரில் எல்லோரும் டென்ஷன் என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்கிறார்களோ அந்த அர்த்தத்தில்தான் அவரும் எடுத்துக்கொண்டார். அந்தச் சீட்டில் வாயில் நுழையாத வேறு ஏதாவது எழுதியிருந்தால் எனக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார். தெரிந்த சொல்லாக இருந்ததுதான் வினை.

அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் அடிக்கிற வேலை. சொல் பொறுக்குகிற பழக்கம் உண்டு, அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நோட்டில் இருப்பதெல்லாம் கஷ்டமான சொற்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப்போன சொற்கள் ஒன்றுகூட அதில் இல்லை.

டென்ஷனிலேயே ஆரம்பிக்கிறேன். லத்தீனில் இழுப்பது, விறைப்பாகப் பிடிப்பது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் உண்டு, டெண்டெரே. அதில் இருந்து வந்ததுதான் டென்ஷன். ஹைப்பர் என்பது கிரேக்கம், மிகை. ரத்தம் குழாய்ச் சுவரை எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது, சுவர் எவ்வளவு விறைத்து நிற்கிறது என்பதுதான் டாக்டர் எழுதிய டென்ஷன். மனசுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. கோபமே வராத ஆளுக்கும் 160 இருக்கும், நாள் முழுக்கக் கத்துகிற எங்கள் சூப்பர்வைசருக்கு 120/80 இருக்கிறது. அந்த எண்கூட என்ன என்று நிறையப் பேர் கேட்பதில்லை. பாதரசத்தை ஒரு குழாயில் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிற அழுத்தம் என்பதுதான் அது. பாதரசக் கருவி போய் பேட்டரி மெஷின் வந்துவிட்டது, அளவு மட்டும் பாதரசத்திலேயே நின்றுவிட்டது.

இதே டென்ஷன் எங்கள் நிட்டிங்கில் வேறு மாதிரி. மெஷினில் நூல் எவ்வளவு இழுப்பாகப் போகிறது என்பதற்குப் பெயர் டென்ஷன். அது கூடிப்போனால் நூல் அறும், துணியில் ஓட்டை விழும். குறைந்தால் கண்ணி தளர்ந்து ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணிக் கணக்கு, கெடும். நிட்டிங் மாஸ்டர் "டென்ஷன் பாருப்பா" என்றால் யாரும் தலைவலி மாத்திரை தேடுவதில்லை. அப்புறம் கரண்ட். மில்லுக்கு வாங்குகிற எச்.டி. சர்வீஸ் என்பது ஹை டென்ஷன், வீட்டுக்கு வருகிற எல்.டி. லோ டென்ஷன். இங்கே டென்ஷன் என்றால் வோல்டேஜ். தோட்டத்துக்கு மேலே போகிற பெரிய கோபுர லைனைக் காட்டி, "அப்பா, அதுவும் ஹை டென்ஷன்தானுங்க, கம்பிக்குக் கவலை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அதுதான் அவருக்கு உறைத்தது. டாக்டர் சொன்னது ஏறவில்லை, நான் அரை மணி நேரம் விளக்கியது ஏறவில்லை, கம்பி சொன்னது ஏறிவிட்டது.

கரண்ட் பேச்சு வந்ததால் இன்னொன்று. த்ரீ பேஸ் என்பதைத் தமிழில் மும்முனை மின்சாரம் என்று எழுதுகிறோம். மூன்று கம்பி வருகிறது, மூன்று முனை, சரிதானே என்று நானும் நினைத்திருந்தேன். பேஸ் என்பதற்கு மூலப்பொருள் தோற்றம். நிலா வளர்ந்து தேய்கிறதே, அந்தப் படிநிலைகளுக்கும் இங்கிலீஷில் அதே சொல்தான். மூன்று கம்பியிலும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது, ஆனால் ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது அங்கே இருக்காது, ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி வரும். ஒரே வட்டத்தில் மூன்று பேர் இடைவெளி விட்டு ஓடுகிற மாதிரி. முனை என்று சொன்னதில் இந்த ஓட்டம் காணாமல் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். எங்கள் ஊரில் "த்ரீ பேஸு வந்துருச்சா"தான், மும்முனை எல்லாம் செய்தித்தாளில்தான்.

இழுப்பதில் இருந்து வந்த இன்னொரு பிள்ளை டெண்டர். விலையை எழுதி நீட்டுகிறோம் இல்லையா, கையை நீட்டிக் கொடுப்பது, அந்த டெண்டர். ஆனால் தாராபுரம் ரோட்டில் இளநீர்க் கடையில் எழுதியிருக்கிற டெண்டர் கோகனட் இந்தக் குடும்பம் இல்லை. அது மென்மை, இளசு என்ற பொருள் கொண்ட வேறொரு லத்தீன் வேர். எழுத்து ஒன்று, வம்சம் வேறு. அப்பாவுக்கு ஸ்கேன் பார்த்த இடத்தில் டாக்டர் வயிற்றை அமுக்கிவிட்டு டெண்டர்னெஸ் இல்லை என்று எழுதினாரே, அது இளநீர்க் குடும்பம்; தொட்டால் வலிக்கிற மென்மை. அமுக்கும்போது வலிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், வயிறு கல்லு மாதிரி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. என் தங்கச்சி அப்படித்தான் படித்தாள்.

ஸ்கேன் ரிப்போர்ட் என்பதே தனி பாஷை. அப்பாவின் ரிப்போர்ட்டில் கல்லீரல் அன்ரிமார்க்கபிள் என்று இருந்தது. எனக்கே ஒரு நொடி பகீர் என்றது. பள்ளிக்கூடத்தில் ரிமார்க் என்றால் நல்லதாக நாலு வார்த்தை, அது இல்லை என்றால் மோசம் என்று தோன்றுமில்லையா. மருத்துவத்தில் அதுதான் கிடைக்கக்கூடிய நல்ல சொல்: குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை, இருக்க வேண்டிய மாதிரி இருக்கிறது. அடுத்த வரியில் சிறுநீரகம் கிராஸ்லி நார்மல். என் மகள் கிராஸ் என்றால் உவ்வே என்று அர்த்தம் என்பாள், டிவி பார்த்துக் கற்றது. எங்கள் ஆபீஸில் கிராஸ் என்றால் அட்டைப்பெட்டியோடு சேர்த்த எடை. ஸ்டோரில் கேட்டால் 144. பட்டன் வாங்குவது கிராஸ் கணக்கில்தான், பன்னிரண்டு டஜன். ரிப்போர்ட்டில் அது மேலோட்டமாக, மொத்தமாகப் பார்த்த வகையில் என்று பொருள். எல்லாவற்றுக்கும் அடியில் பெரியது, பருமனானது என்ற ஒரே சொல்தான், உவ்வே உட்பட.

குரோனிக் என்ற சொல்லைப் பார்த்தால் இங்கே பலரும் முற்றிப்போனது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. குரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். நீண்ட நாளாக இருப்பது, அவ்வளவுதான். லேசான வயிற்றுப் புண்கூட வருஷக்கணக்கில் இருந்தால் குரோனிக். அதற்கு எதிர்ப்பக்கம் அக்யூட், கூர்மை என்ற வேரில் இருந்து வந்தது, திடீரென்று தொடங்கியது. கணக்குப் புத்தகத்தில் குறுங்கோணத்துக்கு இங்கிலீஷில் இதே அக்யூட்தான், முனை கூராக இருப்பதால். எவ்வளவு மோசம் என்பதை இரண்டுமே சொல்லாது. அதைச் சொல்ல சிவியர் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இடியோபதிக் என்று போட்டிருந்தால் காரணம் தெரியவில்லை என்று அர்த்தம். இதை மட்டும் இவ்வளவு அலங்காரமாக ஏன் கிரேக்கத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பாசிட்டிவ், நெகட்டிவ் பற்றி கொரோனாவுக்குப் பிறகு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேடினது கிடைத்தால் பாசிட்டிவ். தேடுவது கெட்டதாக இருந்தால் கிடைத்ததும் கெட்டதுதானே.

இனி மாமா பையன் கதை. சத்தி ரோட்டில் நாலு ஏக்கர் வாழை போட்டிருக்கிறான், போன வருஷம் பெரிய போர்டு வைத்தான், ஆர்கானிக் வாழை என்று. பொங்கலுக்கு வந்தபோது நான் சும்மா இருக்காமல், "யூரியாவும் ஆர்கானிக்தான் மச்சான், தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். சண்டைக்கே வந்துவிட்டான்.

வேதியியல்படி நான் சொன்னது பொய் இல்லை. ஒரு காலத்தில் உயிருள்ள உடம்பில் இருந்து கிடைக்கிற பொருட்களை ஆர்கானிக் என்றார்கள். அவற்றை உண்டாக்க ஏதோ ஒரு உயிர்ச்சக்தி வேண்டும், கண்ணாடிக் குடுவையில் நடக்காது என்று நம்பினார்கள். 1828இல் ஜெர்மனியில் வோலர் என்பவர் உப்பு வகைகளை வைத்துக்கொண்டு யூரியாவைச் செய்துவிட்டார், மூத்திரத்தில் இருக்கிற அதே யூரியா. சிறுநீரகம் இல்லாமலே யூரியா செய்ய முடிகிறது என்று தன் குரு பெர்சீலியஸுக்குக் கடிதமும் எழுதினார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லின் எல்லை மெல்ல நகர்ந்து, கார்பன் சேர்ந்த சேர்மங்கள் என்று ஆகிவிட்டது. ஆகவே மூட்டையில் வருகிற, 46 சதம் நைட்ரஜன் உள்ள யூரியா வேதியியல் ஆளுக்கு ஆர்கானிக். ஆர்கானிக் விவசாயச் சான்று கொடுப்பவருக்கு அது தொடக்கூடாத பொருள். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரி. இங்கே தமிழ் எவ்வளவு நேர்த்தி பாருங்கள்: வேதியியலுக்குக் கரிமம், வயலுக்கு இயற்கை. குழப்பத்துக்கே இடமில்லை. மச்சானிடம் அதைச் சொல்லி, போர்டில் இயற்கை வாழை என்றே எழுது என்றேன். "இயற்கைன்னு போட்டா கிலோவுக்கு அஞ்சு ரூவா கொறச்சுக் கேப்பானுங்க" என்றான். அது நியாயம்.

இன்னொரு வேடிக்கை, அவன் நட்டது திசு வாழை. திசு என்று நாம் சொல்வது டிஷ்யூதான், தமிழ் உடுப்பு மாட்டியிருக்கிறது. அந்த டிஷ்யூ பிரெஞ்சில் நெய்தது என்ற சொல். உடம்பின் பாகங்கள் நெசவு மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர் வைத்தார்கள். டெக்ஸ்டைல், டெக்ஸ்ட் எல்லாம் அதே நெசவு வேர். துணிக்கும் புத்தகத்துக்கும் ஒரே சொல்லா என்று நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை, நம்மிடம் நூல் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவரே சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கிற பெண்ணாகவும் வைத்து ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டு ஆளுக்கு அந்த உவமை வந்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

தமிழ் எப்போதும் ஜெயித்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. மகள் எட்டாவது படிக்கிறாள். அமிலத்துக்கும் காரத்துக்கும் உதாரணம் எழுதச் சொன்னதில், அமிலம்: எலுமிச்சை, காரம்: மிளகாய் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டில் காரம் என்றால் மிளகாய்தானே. மிளகாயின் எரிச்சல் கேப்சைசின் என்ற பொருளின் வேலை, அது நாக்கில் சூட்டை உணர்கிற இடத்தைத் தட்டி எழுப்புகிறது. வேதியியல் காரம் என்பது சோடா, சுண்ணாம்பு, சாம்பல் வகை. அதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அவள் அப்புச்சி, என் அப்பாதான், வெள்ளை வேட்டியில் சாம்பார்க் கறையோடு வந்தபோது, அந்த இடத்தில் சோப்பைத் தேய்க்கச் சொன்னேன். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறியது, தண்ணீரில் நன்றாக அலசியதும் மறுபடி மஞ்சள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரத்தைப் பார்த்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைக்கிறோமே, அதே சங்கதி. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு லிட்மஸ் தாளை மனப்பாடம் செய்கிறோம்.

ஆனால் காரம் என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. சோப்புக்குப் பழைய பெயர் சவுக்காரம், அதற்குள்ளேயே காரம் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊர் சாயப்பட்டறையில் காஸ்டிக் என்று கேனில் வருகிறதே, அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் எரிப்பது என்று பொருள். கையில் பட்டால் தெரியும். எரிவதால் அவர்கள் காஸ்டிக் என்றார்கள், எரிவதால் நாம் காரம் என்றோம், நாக்கில் எரிவதையும் அதே பெயரால் கூப்பிட்டோம். அல்கலி என்பது அரபியில் இருந்து வந்தது, செடியை எரித்த சாம்பல். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அப்படியானால் படிகாரம் என்ன என்று மகளிடம் கேட்டேன், பெயரை வைத்துக் காரம் என்றாள். தண்ணீரில் கரைத்தால் அது அமிலப் பக்கம். பெயரை நம்பி பரீட்சை எழுதக்கூடாது.

என் தொழிலிலும் நான் விழுந்த குழி உண்டு. சேர்ந்த புதிதில் நூல் கவுண்ட் என்றால் எண் கூடக் கூட நூல் பருமன் என்று நினைத்திருந்தேன். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீள நூல்கட்டு, அதாவது சிட்டம், எத்தனை வருகிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 25,200 கெஜம், கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் நூல். அப்போது 40 அதைவிட மெலிசு. சரி என்று மனசில் பதித்துக்கொண்டேன், அடுத்த வாரம் பாலியெஸ்டரில் டீனியர் என்று வந்தது, அது தலைகீழ்: 9,000 மீட்டருக்கு எத்தனை கிராம், எண் கூடினால் பருமன். டீனியர் பழைய பிரெஞ்சுக் காசின் பெயர். இரண்டையும் ஒரே மெயிலில் மாற்றிப் போட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், விவரம் வேண்டாம்.

அதே காலத்தில் எங்களிடம் துணி வாங்குகிற ஒரு ஐரோப்பிய பையருக்கு, நாங்கள் பனியன் செய்கிறோம் என்று எழுதினேன். ஆலமரமா என்று கேட்டுப் பதில் வந்தது. கிண்டல் என்று நினைத்தேன். ஆலமரத்துக்கு இங்கிலீஷில் பனியன் என்றுதான் பெயர். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே சொல். குஜராத்தில் வாணிகருக்குப் பெயர் வாணியோ. அது அரபி, போர்ச்சுகீசு வாய் வழியாக பனியன் ஆனது. பாரசீக வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் அந்த வணிகர்கள் ஓர் ஆலமரத்தடியில் கூடினார்கள், வெள்ளைக்காரப் பயணிகள் அந்த மரத்துக்கு அவர்கள் பெயரையே சூட்டிவிட்டார்கள். அந்த வணிகர்கள் போட்ட தொளதொள உடுப்புக்கும் அதே பெயர். அது ஐரோப்பாவுக்குப் போய் பிரபுக்கள் வீட்டில் மாட்டிக்கொள்கிற அங்கியாகி, கடைசியில் நம் ஊரில் உள்ளாடையாக வந்து நின்றது. திருப்பூர் முழுக்க அந்தச் சொல்தான் சோறு போடுகிறது, வெளிநாட்டில் ஒருத்தருக்கும் புரியாது. எங்கள் தொழிலுக்கு இன்னொரு பெயரான ஹோசியரி என்றால் அவர்களுக்கு காலுறை. அது காலை மூடுகிற ஹோஸில் இருந்து வந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் பைப்பும் அதன் தம்பிதான்.

போய்த் திரும்பி வந்த சொல் இன்னொன்று பொள்ளாச்சியில் இருக்கிறது. தேங்காய் நாரும் நார்த்தூளும் காயர், காயர் பித் என்று லோடு லோடாக ஏற்றுமதி ஆகிறதே, காயர் என்பது மலையாளக் கயர், நம் கயிறு. நம் வீட்டுப் பிள்ளையை வெள்ளைக்காரன் உச்சரிப்பில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கொப்பரை கொப்ரா ஆனதும் இந்தக் கரையில் இருந்துதான். அப்பா களத்தில் கொப்பரை காயப் போட்டிருந்தபோது அவரிடம் சொன்னேன், இங்கிலீஷ்காரனும் இதைக் கொப்ரான்னுதானுங்க சொல்றான் என்று. "பின்ன வேற என்னன்னு சொல்லுவான்?" என்றார். கனிமங்களில் கொரண்டம் என்று ஒன்று, தமிழ்க் குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினம், கடினத்துக்கு மார்க் போட்டால் பத்துக்கு ஒன்பது. கொஞ்சம் குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம், ஒன்றும் வாய்க்காவிட்டால் அரைக்கிற சாணைக்கல். எங்கள் சிவன்மலைப் பாறைகளிலேயே குருந்தம் இருப்பதை நூறு வருஷத்துக்கும் முன்னால் நிலவியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்த மலைப்படியில் எத்தனை தடவை ஏறியிருப்பேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மறுபடி கூட்டிப் போனோம். 130/80. சீட்டில் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்ரிமார்க்கபிள் நல்லது, பாசிட்டிவ் கெட்டது என்றெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததன் பலன்.

"ஏனம்மிணி, இந்த நார்மலு நல்லதா கெட்டதா?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்புகிற பாடம் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். "அப்புச்சி, நார்மல்னா செங்குத்துக் கோடு. கண்ணாடிக்கு நேரா தொண்ணூறு டிகிரில நிக்கும்." அவள் சொன்னதும் தப்பில்லை. நார்மா என்றால் லத்தீனில் தச்சர் வைத்திருக்கிற மூலைமட்டம். அதற்குச் சரியாக நிற்பது நார்மல், பிறகுதான் ஒழுங்காக இருப்பது எல்லாமே நார்மல் ஆனது. அப்பா மாட்டுச்சாளையைத் தானே நின்று கட்டியவர், மூலைமட்டம் என்றதும் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப என்ற ரத்தம் மூலமட்டத்துக்கு நிக்குதுங்கற."

"ஆமாங்கப்புச்சி" என்றாள் அவள், பெரிய டாக்டர் மாதிரி.

கிளம்பும்போது காலண்டரை விலக்கிப் பார்த்தேன். அட்டையில் நாலு மாத்திரைதான் மிச்சம் இருந்தது.